மெஹாட்ட என்ன

"மெஹாட்ட என்ன" என்கிறார் இரேஷா மிஸ்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்து.
முன்னால் நிற்கும் பெண்
"ஒண்டுமில்ல மிஸ், வதிவுச் சான்றுக்கு" என்கிறாள்.
திரும்பவும், "மெஹாட்ட என்ன."
திரும்பவும், "ஒண்டுமில்ல."
வரிசை நெளிகிறது.

நான் எழும்பித் தண்ணீர் வடிகட்டியைச் சுற்றி வரவேண்டும்.
எனக்குக் கிடைத்த இடம் அப்படி:
வடிகட்டிக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே
ஒரு மேசை, கை உடைந்த கதிரை,
தலைக்கு மேல் பலகை,
மொழி உதலி.
வகரத்தை லகரம் தின்று ஏழு மாதம்.
திருத்தச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன்,
சிங்களத்தில், பிழையில்லாமல்.
நாளுக்கு இருபது பேராவது என்னிடம் வந்து
கழிவறை திறந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள்,
இரண்டு மொழியிலும்.

"இங்கால வரச் சொல்றாங்க தங்கச்சி.
அவங்கட என்ன, வாங்க என்கிறது.
நம்மட என்ன இல்ல."
அவள் சிரிக்கவில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து
கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை எடுத்துப்
பதினோரு நாள்.
புருசனுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை,
பகலில் அறைக்குள் யாரும் கதைக்கக் கூடாது.
மகளுக்குப் பள்ளிக்கூடம் வேணும்,
பள்ளிக்கூடத்துக்குச் சான்று வேணும்,
சான்றுக்குப் படிவம்.
"முழுக்க வட்டம் வட்டமாக் கிடக்கு அக்கா.
எதுக்குள்ள எதை எழுதுறது?"

எனக்கும் ஒருகாலம் அவை வட்டங்கள்தான்.
பண்டாரவளையில் ஒரு பேக்கரியில்
பாண் எண்ணி, மீதிக்காசு எண்ணி,
ஏச்சு வாங்கி, அந்த ஏச்சின் பொருளை
இரவில் நினைத்து நினைத்துப் படித்த சிங்களம் என்னுடையது.
பரீட்சைச் சிங்களம் பிறகு வந்தது.

பெட்டி பெட்டியாக வாசித்தேன்.
நிரந்தர விலாசம் என்றேன்.
"எந்த வருசத்து?" என்றாள்.
கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள்.
ஒரு வரிக்குத்தான் இடமிருந்தது.
கடைசியானதை எழுதினோம்.

பிறகு பெயர்.
பிறப்புச் சான்றில் எழிலரசி.
அடையாள அட்டையின் சிங்களத்தில் எளிலரசி.
திருமணச் சான்றின் ஆங்கிலத்தில் இன்னொருத்தி,
வாய்விட்டு வாசித்தால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.
மூன்றையும் விசிறியாகப் பிடித்து
இரேஷா மிஸ் கேட்டார்,
இதில் யாருக்குச் சான்று?

உங்களிடம் ழ இல்லை மிஸ் என்றேன்.
எங்களிலும் பாதிப்பேர் வாயில் இல்லை என்று
சொல்லவில்லை.

அவர் அடையாள அட்டையை விரலால் தடவி
ஒருமுறை மெல்ல வாசித்தார்.
எளி.
"எளி கிவ்வாம" வெளிச்சமல்லவா,
நல்ல பெயர்தானே என்றார்.
நான் அவளுக்குச் சொன்னேன்.
"எங்களுக்கு எளி எண்டா லேசு.
இதில என்னக்கா லேசு?" என்றாள்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
"மொகத கிவ்வே?" என்று மிஸ் விடவில்லை.
சரி, பெயர்த்தேன்.
அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை,
மேலதிகாரியின் அறைக்குப் போய்
திரும்பி வந்தார்.

சட்டம் சட்டம்தான்.
மூவரும் ஒருத்தியே என்று
சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி வேண்டும்.
நீதவானின் வீடு எங்கே என்று
ஒரு துண்டில் வரைந்து கொடுத்தார் இரேஷா மிஸ்,
கோயில், பாமசி, பச்சைக் கேற்று.
படத்தில் எழுத்தே இல்லை.
"ஹெட்ட என்ன" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன்
அவள் என் பக்கம் திரும்பி,
"நாளைக்கு வரட்டாம், என்ன?" என்றாள்.

என்ன, என்றேன்.

மாலை நான்கேகால்.
என் மாத அறிக்கைப் படிவமும் சிங்களத்தில் மட்டும்தான்.
உதவி பெற்றவர் பெயர் என்ற இடத்தில்
பேனை நின்றது.
மூன்றையும் எழுதினேன், நெருக்கி நெருக்கி.
சேவை முடிந்ததா?
ஆம் என்றொரு பெட்டி, இல்லை என்றொரு பெட்டி.
இரண்டுக்கும் நடுவிலிருந்த வெள்ளையில்
ஹெட்ட.